மாஷ் சீரியலை மனைவிக்கு எங்கிருந்து காட்டுறது?

கொரியப் போர்ல ஒரு அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியைப் பத்தின பழைய அமெரிக்க டிவி சீரியல் மாஷை மனைவிகூட உட்கார்ந்து மறுபடி பார்க்க ஆசைப்பட்டு, பின்னணிச் சிரிப்பு சத்தம் தாங்காம அவங்க ரெண்டாவது எபிசோடுலயே எழுந்து போயிட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க இல்லையா, அது சரி பண்ணக்கூடிய விஷயம்தாங்க. டிவிடில ஆடியோ மெனுவுக்குப் போனீங்கன்னா சிரிப்பே இல்லாத டிராக் தனியா இருக்கும், அதுல போட்டுப் பாருங்க, கொரியப் போர் அப்பதான் உண்மையிலயே பக்கத்துல வரும்.

வரிசையா 251 எபிசோடையும் ஓட்டாதீங்க. எட்டாவது சீசன்ல 'லைஃப் டைம்' போடுங்க, திரை ஓரத்துல கடிகாரம் ஓடிட்டே இருக்கும், இருபது நிமிஷத்துக்குள்ள ஒரு சிப்பாயைக் காப்பாத்தணும், அவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. அப்புறம் ஏழாவது சீசன் 'பாயிண்ட் ஆஃப் வியூ', முழுக்க அடிபட்ட சிப்பாயோட கண் வழியாவே.

ஆனா மூணாவது சீசன் கடைசி எபிசோடை மட்டும் முன்னாடியே காட்டிடாதீங்க ப்ளீஸ். அந்த ஆஸ்பத்திரியோட தலைவர் கர்னல் ஹென்றி பிளேக்கோட கொஞ்ச நாள் பழகின பிறகுதான் அது வலிக்கும். அங்க கிளார்க்கா இருக்கிற ரேடார்ங்கற பையன் மாஸ்க் போடாம ஆபரேஷன் ரூமுக்குள்ள வந்து அவரைப் பத்தின ஒரு செய்திய வாசிப்பான், யாரும் பேச மாட்டாங்க, ஏதோ ஒரு கருவி கீழ விழுற சத்தம் மட்டும் கேக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அங்க தொண்டை அடைச்சுக்கும்.

1983-ல வந்த கடைசி எபிசோடு ரெண்டரை மணி நேர ஸ்லாட், அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைய ஒதுக்கிடுங்க.