தீர்ப்பு நாளில் இரக்கம் உண்டா? பழைய வெளிப்பாட்டு நூல்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மனந்திரும்ப இந்த நூல்கள் கெடு வைக்கின்றனவா?

வைக்கின்றன, ஆனால் ஒரே கெடு அல்ல. பழைய யூத நூலான 1 ஏனோக்கு 63-இல் அரசர்கள் தீர்ப்பு வந்தபின் கெஞ்சுகிறார்கள், பலனில்லை. அதே நூலின் 50-ஆம் அதிகாரத்தில், நீதிமான்களின் வெற்றியைப் பார்த்துக் கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவர்களுக்கு மகிமை இல்லை, மீட்பு மட்டும் உண்டு. ஒன்றை மட்டும் படித்துவிட்டு "ஏனோக்கு இப்படித்தான் சொல்கிறது" என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: 4 எஸ்றாவின் (தீர்ப்பைப் பற்றி எஸ்றா தேவதூதனோடு வாதாடும் யூத நூல்; ஆங்கிலப் பைபிள்களில் 2 Esdras) 7:105-ஐ அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். என்னிடமுள்ள பழைய ஆங்கிலப் பைபிளில் அந்த அதிகாரம் 70 வசனத்திலேயே முடிகிறதே?

உங்கள் பதிப்பில் 36 முதல் 105 வரை இல்லை. அதில் 36 என்று இருப்பது இன்றைய 106. கி.பி. 822-இல் எழுதப்பட்ட ஒரு லத்தீன் கையெழுத்துப் படியிலிருந்து ஓர் ஏடு வெட்டி எடுக்கப்பட்டது. பின்வந்த பெரும்பாலான லத்தீன் படிகள் அதைப் பார்த்து எழுதியவை. அமியான் நகரில் கிடைத்த வேறொரு படியிலிருந்து ராபர்ட் பென்ஸ்லி 1875-இல் அந்தப் பகுதியை வெளியிட்டார். தீர்ப்பு நாளில் ஒருவருக்காக இன்னொருவர் மன்றாட முடியாது என்று அதில் வருகிறது. இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கத்துக்கு அது இடிக்கும் என்பதால்தான் வெட்டினார்கள் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எண்ணைச் சரிபார்க்க எளிய வழி: உங்கள் பதிப்பின் 36 முதல் 70 வரையுள்ள வசனங்களோடு 70-ஐக் கூட்டுங்கள்.

கேள்வி: அப்படியானால் எஸ்றாவின் வாதம் தோற்றுப்போனதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். சோதோமுக்காக ஆபிரகாம் மன்றாடினாரே, மோசே மன்றாடினாரே என்று அவர் பெயர்களை அடுக்குகிறார். அதெல்லாம் இவ்வுலகத்துக்கு, இவ்வுலகம் முடிவல்ல என்கிறார் அவரோடு பேசும் தூதன் உரியேல். எஸ்றா விடவில்லை: 7:132 முதல் யாத்திராகமம் 34:6-7-இன் இரக்கப் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து கடவுளிடமே வாதாடுகிறார். கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் எரிந்தபின் எழுதப்பட்ட நூல் இது. அந்தத் துயரத்தை மனதில் வைத்துப் படித்தால்தான் அவருடைய பிடிவாதம் புரியும்.

கேள்வி: கிறிஸ்தவ நூல்கள் இளகுகின்றனவா?

சில இளகுகின்றன. பேதுருவின் வெளிப்பாட்டின் ஒரு கிரேக்கத் துண்டில், தண்டனையில் இருப்பவர்களில் தெரிந்தெடுக்கப்பட்டோர் யாரைக் கேட்டாலும் கிறிஸ்து தருவதாக வருகிறது. பவுலின் வெளிப்பாட்டில் தண்டனை நீங்குவதில்லை. கிறிஸ்து உயிர்த்த நாளில் மட்டும் ஓய்வு. ஹெர்மாஸின் மேய்ப்பன் எதிர்த்திசை: ஞானஸ்நானத்துக்குப்பின் ஒரே ஒரு மனந்திரும்புதல்தான்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

ஆபிரகாமின் ஏற்பாடு என்ற நூல். அது நீண்டதும் குறுகியதுமாக இரு வடிவங்களில் (பாடங்களில்) உள்ளது; நீண்ட பாடத்தை எடுங்கள். பாவிகளைக் கண்ட ஆபிரகாம் அவர்கள் சாகும்படி வேண்ட, சாகிறார்கள். கடவுள் அவரைத் தடுத்து, பாவி மனந்திரும்பி வாழும்படி தாம் மரணத்தைத் தாமதிப்பதாகச் சொல்கிறார். பிறகு, பாவமும் நீதியும் சமமாக நிற்கும் ஓர் ஆத்துமாவுக்காக ஆபிரகாமும் மிகாவேலும் வேண்டுகிறார்கள், அது மீட்கப்படுகிறது. தாம் சாகடித்தவர்களுக்காகவும் ஆபிரகாம் வேண்ட, அவர்கள் உயிர் பெறுகிறார்கள். குறும்பாடத்தை வாங்கிவிடாதீர்கள், அதில் இந்த மன்றாட்டுகள் இல்லை.