பழைய லேசர் படகுக்கு ‘ரேசிங்’ பாய் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் பாய்மரப் படகுப் பயிற்சி பெறுகிறாள். அவளுக்காகப் பழைய ஐ.எல்.சி.ஏ. 6 படகு ஒன்று வாங்கினோம். எதிர்க்காற்றில் மட்டும் எல்லோருக்கும் பின்னால் வருகிறாள். பாயையும் பாய்மரத்தையும் ‘ரேசிங்’ தரத்துக்கு மாற்றித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? — வாசகர், கடலூர்

பதில்: கொடுக்க வேண்டாம். லேசர் என்று இன்றும் பலர் அழைக்கும் இந்தப் படகு, வடிவமைப்பாளர் புரூஸ் கிர்பி வரைந்த ஒரே வடிவில் கட்டப்படுவது. போட்டி ஆட்களுக்கிடையே நடக்க வேண்டும், பணப்பைகளுக்கிடையே அல்ல என்பதே அதன் அடிப்படை. விதிப்புத்தகத்தில் ‘செய்யலாம்’ என்று எழுதப்படாத எந்த மாற்றமும் கூடாது. உங்கள் படகின் பாய் 5.76 சதுர மீட்டர் டேக்ரான் (நெய்த பாலியஸ்டர்) துணி. அதற்குப் பதிலாக மைலார் (மெல்லிய பிளாஸ்டிக் படலம்) பாயைக் கட்டினால், எவ்வளவு வேகமாகப் போனாலும், யாரேனும் ஆட்சேபித்தால் மகளின் பந்தயம் செல்லாததாகிவிடும்.

இடைத்தரகர்கள் இதைச் சொல்வதில்லை. ‘அசல் அளவுதான், விலை பாதிதான்’ என்பார்கள். அளவு ஒன்றாக இருந்தால் போதாது. பாயின் முன்பக்கக் கீழ்மூலையருகே வகுப்புச் சங்கத்தின் (இந்த வகைப் படகுக்கு விதி வகுக்கும் சங்கம்) முத்திரைப் பொத்தான் பதிந்திருக்க வேண்டும். அதன் படத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முத்திரையில்லாத பாயைப் பயிற்சிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உள்ளூர்ச் சிறு பந்தயங்களிலும் ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதுண்டு. ஆனால் அந்த அனுமதி பந்தய அறிவிப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னவர் ஆட்சேப விசாரணையன்று ஊரில் இருக்கமாட்டார். அனுமதி இருந்தாலும், அந்தப் பாயின் வெட்டு வேறாக இருந்தால், அதில் பழகிய கை அசல் பாயில் மறுபடி பழக வேண்டியிருக்கும்.

கட்டுமரத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் பாய் தைத்த கரையில் இருந்துகொண்டு, உரிமம் பெற்ற பாய் ஒன்றுக்காக வெளிநாட்டுக்கு எழுதி, சுங்கத்தில் கேட்கும் ஒவ்வொரு தாளுக்கும் பதில் சொல்லிக் காத்திருக்கும் நிலை எனக்கும் எரிச்சலூட்டுகிறது. தரகர்கள் பிழைப்பதே இந்தத் தாமதத்தில்தான்.

இனி உங்கள் படகு. மணற்கரையிலிருந்து இறக்கும் படகில் பாய்மரம் நிற்கும் குழிக்குள் மணல் புகுந்து அடித்தளத்தை அரைத்துவிடும். குழியை நன்னீரால் கழுவி, விளிம்புவரை நிரப்பி, அரை மணி நேரம் பாருங்கள். நீர்மட்டம் இறங்கினால் குழி கசிகிறது. பலத்த காற்றில் பாய்மரம் தளத்தைப் பிளந்துகொண்டு சாயக்கூடும் என்பதால், வேறெதற்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து, பாய்மரத்தின் மேல்பாதியைக் கழற்றிச் சமதளத் தரையில் உருட்டுங்கள். அலுமினியக் குழாய் என்றால், நடுவில் தரைக்கும் அதற்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் அது நிரந்தரமாக வளைந்துவிட்டது. ரிவெட் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு அரிக்கிறது, உடையும் இடமும் அதுவே. மாற்றுவதென்றால், வகுப்புச் சங்கம் அங்கீகரித்த கூட்டிழை (இழையும் பிசினும் சேர்ந்த) மேல்குழாய் வாங்கலாம். விலை கூடுதல், ஆனால் அலுமினியத்தைப் போல வளைந்த நிலையிலேயே நின்றுவிடாது.

எதிர்க்காற்றுப் பின்னடைவுக்குக் காரணம் பெரும்பாலும் பாயும் கயிறுகளும்தான். பழைய டேக்ரான் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிபோலத் துவண்டுவிடும். அப்போது பாயின் வயிறு, அதாவது காற்றில் உப்பும் பகுதி, பின்னுக்குப் போய், பின்விளிம்பு கொக்கியாக வளைந்து, படகு முன்னேறாமல் சாய்கிறது. பிற்பகலில் கடற்காற்று வலுத்து அலை எழும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாம் கயிறு அந்த வயிற்றை முன்னுக்குக் கொண்டுவரும். பாயின் அடியில் கிடையாக நீளும் கழியான பூமைக் கீழே இழுக்கும் வேங் கயிறு பாய்மரத்தை வளைத்துப் பாயைத் தட்டையாக்கும். கயிறு நீண்டு கொடுத்தாலோ கப்பி உப்பேறி இறுகினாலோ உங்கள் மகளால் அவற்றை இழுக்க முடியாது. ஆகவே நீளாத டைனீமா கயிறும், விதி அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் நல்ல கப்பிகளும் முதலில் வாங்குங்கள். பாயின் பின்மூலையைப் பூமோடு ஒட்டினாற்போல் கட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பின்தங்கினால் முத்திரையுள்ள புதிய பாய் வாங்கலாம். அதை மடிக்காமல் சுருட்டி வைத்து, முக்கியப் பந்தயங்களுக்கு மட்டும் எடுங்கள். பயிற்சிக்குப் பழைய பாய் போதும்.