தெருமுனையில் நிற்கும் தபால் பெட்டி

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனையில் என் பாட்டனார் காலம் முதல் ஒரு வார்ப்பிரும்புத் தபால் பெட்டி நிற்கிறது. உப்புக்காற்றில் அதன் அடிப்பாகம் அரித்திருக்கிறது. பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். பழைய இரும்புக்கு ஏன் இத்தனை பேச்சு என்கிறார்கள் வேறு சிலர். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

பெட்டி இருக்குமிடத்திலேயே இருக்க வேண்டும். அதில் விழும் கடிதங்கள் நாள்தோறும் எடுக்கப்படவும் வேண்டும். அதன் மதிப்பு இரும்பில் பாதி என்றால், நிற்கும் இடத்திலும் செய்யும் வேலையிலும் மறுபாதி இருக்கிறது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வணிகத்துக்குச் சென்றவர்களுக்கு வீட்டுப் பெண்கள் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கடிதங்கள் உங்கள் ஊர்த் தெருக்களிலிருந்துதான் புறப்பட்டன. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின், அக்கப்பலோடு இணைந்த ரயிலை மக்கள் போட் மெயில் என்றே அழைத்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அங்கிருந்த அஞ்சலகமும் இடிபாடாயிற்று. அந்தக் கடல்வழியை நினைவூட்ட இக்கரையில் மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு என்பதால், உங்கள் பெட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக் கருதுவது நான் மட்டும் அல்ல. தெருவோரத் தபால் பெட்டியை 1852-இல் ஜெர்சி தீவில் நிறுவிய பிரிட்டனில், அவற்றை இருந்த இடத்திலேயே, பயன்பாட்டிலேயே காப்பது என்று அஞ்சல் நிறுவனமும் மரபுக் காப்பு அமைப்பும் 2002-இல் உடன்பட்டன.

அரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உப்புநீர் வார்ப்பிரும்பிலுள்ள இரும்பை மெல்லக் கரைத்துவிட்டு, கிராஃபைட்டை மட்டும் அதே வடிவில் விட்டுவைக்கும். பார்வைக்குப் பெட்டி முழுமையாகத் தெரியும். கத்திமுனையால் கீறினால் பென்சில் கரிபோல் உதிரும். அத்தகைய அடிப்பாகத்தைக் கடப்பாரையால் நெம்பினால் பெட்டி உடைந்துவிடும் என்பது, பெயர்த்தெடுக்க நினைப்பவர்கள் அறிய வேண்டிய செய்தி. பட்டறையில் வழக்கம்போல் வெல்டிங் வைத்தாலும் விரிசல் விடும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தரை உயர்ந்து, பெட்டியின் கால் மண்ணில் புதைந்து ஈரத்திலேயே நிற்பதுதான் பெரும் கேடு என்று நான் நினைக்கிறேன். சுற்றியுள்ள மண்ணை அகற்றி நீர் தேங்காமல் செய்து, நன்னீரால் உப்பைக் கழுவி, நன்றாக உலர்ந்தபின் துருத்தடுப்புப் பூச்சும் சிவப்பு வண்ணமும் பூசினால், இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். வார்ப்பில் எழுத்துகள் இருந்தால் அவற்றை இயந்திரத்தால் தேய்த்துவிடக் கூடாது.

பெட்டி அஞ்சல் துறையின் உடைமை. ஆகவே எதையும் நீங்களாகத் தொடாமல், இராமநாதபுரம் கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளருக்கு முதலில் விண்ணப்பம் எழுதுங்கள். தெருவில் பலர் கையெழுத்திட்டால் நல்லது. பெட்டியின் நான்கு பக்கப் படங்களையும், புதைந்திருக்கும் அடிப்பாகத்தின் அளவையும் இணைத்து, எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். நானும் அவருக்கு எழுதுகிறேன்.

அன்புடன்.