சனிக்கிழமைச் சம்பளம் யார் கையால்?

கேள்வி: எனக்கு 36 வயது. சென்னையில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் கண்டனூர் பக்கம். ஊருக்கு வெளியே ஐயா (தாத்தா) காலத்துப் பூர்வீகத் தோப்பு ஒன்று இருக்கிறது. முந்திரி, பலா, அதற்குப் பின்னால் காடாக மண்டிக் கிடக்கும் வேம்பும் கருவேலும். அதன் நடுவே பதினாறுக்குப் பன்னிரண்டு அடியில் ஒற்றை அறைக் குடில் ஒன்று கட்டுகிறேன். விடுமுறைக்கு வந்து தங்கிப் படிக்க ஆசை. அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 69 வயது. உதவிக்கு நிற்கிறார். வேலை தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது, நான் சொன்ன எதுவும் நடக்கவில்லை. மேற்கே கண்மாயைப் பார்த்து முழுச் சுவருக்கும் கண்ணாடி கேட்டேன். அடுத்த முறை வந்தால் அங்கே செம்புறாங்கல் சுவர், அதில் இரண்டடி ஜன்னல். தகர ஷீட் கூரை என்றேன், நாட்டு ஓடு வந்து இறங்கியிருக்கிறது. தரை ஒன்றரை அடி போதும் என்றேன், மூன்றடிக்கு ஏற்றிவிட்டார்கள். சிமெண்ட், கல், மரம் எல்லாவற்றுக்கும் கடைக்காரர்களுக்கு நானே ஜிபே பண்ணிவிடுகிறேன். சனிக்கிழமை பல்லவன் ரயிலில் நான் வந்து இறங்குவதற்குள் ஆட்கள் போய்விடுவதால் வாரச் சம்பளத்தை அப்பச்சியே கொடுத்துவிடுகிறார், அதைப் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஞாயிறு காலை கொத்தனாரை வரச் சொல்லிப் பேசினால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். திங்கட்கிழமை அப்பச்சி சொன்னதைச் செய்கிறார். வங்கி வட்டியும் ஒரு கடை வாடகையும்தான் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் (அம்மா) வருமானம், நிம்மதியாக இருக்க வேண்டிய வயது. தங்கை கல்யாணமாகிக் கோவையில் இருக்கிறாள். அப்பச்சி மனம் நோகாமல், இது என் வீடு என்பதை எப்படிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்:

தம்பி, வீடு கட்டும் மகனும் குறுக்கே நிற்கும் அப்பாவுமாக எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. ஊர்ப் பெயர்தான் மாறும். எல்லாரும் கேட்பது அப்பாவை வலிக்காமல் ஓரங்கட்ட ஒரு பக்குவமான வாக்கியம். அதை நான் எழுதித் தரப்போவதில்லை.

கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் தரைமட்டத்துக்கும் ஆளுக்கொரு வரி ஒதுக்கிய நீங்கள், வாரச் சம்பளத்தை அப்பச்சி கொடுப்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ‘பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.’ எப்போது? ஐந்து மாதத்தில் எத்தனை சனிக்கிழமை வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அந்தத் தோப்பில் உங்கள் அப்பச்சி உட்கார்ந்து, கொத்தனார், கல் கொத்துகிறவர், சித்தாள் என்று ஒவ்வொருவர் கையிலும் நோட்டை எண்ணி வைத்திருக்கிறார். யார் எத்தனை நாள் வந்தார், யாருக்கு அட்வான்ஸ் போயிருக்கிறது, யார் வீட்டில் காதுகுத்து, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுகிறீர்கள். திங்கட்கிழமை கொத்தனார் யார் பேச்சைக் கேட்பார்? அந்தக் கொத்தனார் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கூலி கொடுக்கிறவர் பேச்சைக் கேட்பதுதான் அவர் தொழில் தர்மம்.

சாமானுக்கு நான் பணம் போடுகிறேனே என்பீர்கள். செம்புறாங்கல்லைச் செதுக்கி வைத்துச் சுவர் எழுப்புகிற வேலையில் கூலி சில்லறைச் செலவு கிடையாது. வெட்டி எடுத்த புதிதில் வசத்துக்கு வரும் கல், காற்றுப்படப் படத்தான் இறுகும். ஒவ்வொன்றையும் மூலைமட்டம் பார்த்துக் கொத்தி உட்காரவைக்க நாள் பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்று உங்கள் அப்பச்சி மனதில் வைத்திருந்தால் (வைத்திருப்பார், ஓடு இறக்கியவர் அதை விடமாட்டார்) கைவேலை இன்னும் ஏறும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வட்டியும் வாடகையும்தான் வருமானம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வட்டிப் பணத்தில் இரண்டு பேர் சாப்பிட்டு, மாத்திரை மருந்து வாங்கி, கோயில் குளம் போய்வந்த பிறகு ஐந்து மாதக் கூலி கொடுக்க மிச்சம் இருக்குமா? ஒரு டெபாசிட் முதிர்வுக்கு முன்பே உடைந்திருக்கும். எது என்று ஆத்தாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். நிம்மதியாக இருக்க வேண்டிய வயது என்று வேறு எழுதுகிறீர்கள். நியாயமா தம்பி?

இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. பழைய கட்சி என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் பணத்தில் படிக்கலாம். நோய்நொடி, வேலை போனது என்றால் வாங்கலாம், அதில் வெட்கமில்லை. கை நிறையச் சம்பாதிக்கிற 36 வயதில், விடுமுறைக்குப் படுத்துப் புத்தகம் படிக்க ஒரு குடில் கட்டுவதற்கு அவர்கள் வட்டிக் காசைத் தொடக்கூடாது. அவராக எடுத்து நீட்டினாலும் கூடாது. ‘உனக்குத்தானேப்பா எல்லாம்’ என்று சொல்லும் அப்பாக்களிடம்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர்கள் கடைசிவரை கேட்கமாட்டார்கள்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கா கணக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டும்? பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போய்த் தொழில் செய்தவர்கள் அந்தப் பக்கத்து நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கடைக்கு மூன்று வருஷக் கெடுவில் ஆள் அனுப்பி, வரவு பற்று எழுதி வாங்கிப் பார்த்தவர்கள். வீட்டுப் பெண்களின் சீதனப் பணத்தைத் தொழிலில் போட்டால்கூட அதற்குத் தனியாக வரவு எழுதி வட்டி கட்டினார்கள். சொந்தம்தானே என்று யாரும் அந்த வரியை விட்டுவிடவில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்களே, அதையும் நினைத்துப் பாருங்கள். அதே வாசல், அதே வளவு, அடுப்பு மட்டும் தனி. வருஷத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிடுவார்கள், அதற்குள் அந்தப் புள்ளி (கல்யாணமான மகனும் மருமகளும்) குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். மகன் அடுப்பில் என்ன வேகிறது என்று பெரியவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. (பார்த்திருப்பார்கள். ஆனால் உப்புப் போட உரிமை இல்லை.) ஒரே கூரைக்குக் கீழே அப்பனும் மகனும் மரியாதையோடு இருக்க அவர்கள் கண்ட வழி அது. நீங்கள் தனிக் கூரையே போடுகிறீர்கள், அடுப்பைப் பிரிக்கவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். ஐ.டி. வேலையில் உங்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை இல்லையா? பல்லவன் மத்தியானத்துக்கு மேல் கிளம்பி ராத்திரி பத்து மணி வாக்கில் காரைக்குடி வரும் வண்டி. வெள்ளி சாயங்காலம் சென்னையில் ராமேஸ்வரம் வண்டி ஏறினால் விடிவதற்கு முன்பே காரைக்குடியில் இறங்கலாம். சனிக்கிழமை முழுவதும் வேலை நடக்கிற இடத்தில் நிற்கலாம். ஐந்து மாதத்தில் ஒரு முறைகூட அது தோன்றவில்லை என்றால், சம்பளம் கொடுத்து முடிந்த பிறகு வந்து இறங்குவது உங்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று படும். படட்டும்.

நீங்கள் எழுதாததையும் கேட்கிறேன். எழுப்பிய சுவருக்கு ஒரு வாரமாவது விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் கலவை இறுகாமல் உதிரும். காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னும் சாயங்காலம் போன பின்னும் வாளியோ குழாயோ எடுத்து யார் ஊற்றினார்கள்? நீங்கள் சென்னையில் இருந்தீர்கள்.

இனி தங்கை. கோவையில் இருக்கிறாள் என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர்கள். தோப்பு பூர்வீகம் என்பதும் உங்கள் வாக்குமூலம்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாடு அதற்கும் முன்பே 1989-ல் அந்த வழிக்கு வந்துவிட்டது. கல்யாணமாகிப் போனவள் என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அந்த உரிமையைத் தெளிவாக்கிவிட்டது. ஆக, பங்கு பிரிக்காத நிலத்தில், பெற்றவர்களின் முதுமைக்கான பணத்தில் உங்களுக்கென்று ஒரு கட்டடம் ஏறுகிறது. தங்கையிடம் கேட்டீர்களா? செட்டிநாட்டுத் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அவற்றில் பல பணமில்லாமல் பாழாகவில்லை. பங்கு பேரன் பேத்தி வரை பெருகி, ஓடு மாற்றக்கூட எல்லாரும் ஒத்துவராமல் போனதால் பாழாயின. பர்மா தேக்கு நிலையைக் கழற்றிப் பழைய சாமான் கடையில் விற்கும் நிலைமைக்கு அப்படித்தான் வந்தார்கள். கோவைக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள், அப்பச்சி மூலமாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். எந்த இடத்தில் எவ்வளவு கட்டுகிறீர்கள், கூலியை இதுவரை யார் கொடுத்தார், எப்போது அடைக்கப்போகிறீர்கள், எல்லாம் உங்கள் வாயால் போகட்டும். அவள் ‘எனக்கொன்றும் வேண்டாம் அண்ணே’ என்பாள். அதோடு விட்டுவிடாதீர்கள், பேசியதை எழுதி வையுங்கள்.

சரி, அப்பச்சி செய்ததெல்லாம் சரியா? இல்லை. கண்ணாடி வேண்டாம் என்றால் உங்களைக் கூப்பிட்டு ‘வேண்டாம், இதனால்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சரி சரி என்று கேட்டுக்கொண்டு, ரயில் ஏறியதும் சுவரை எழுப்புவது பெரிய மனுஷத்தனம் ஆகாது. ஆனால் நீங்களும் அவரிடம் நேராகப் பேசியதாகக் கடிதத்தில் இல்லையே! கொத்தனாரிடம் பேசுகிறீர்கள். அப்பாவும் மகனும் கொத்தனார் வழியாகப் பேசிக்கொண்டால் அந்த மனுஷர் என்ன செய்வார்?

கட்டட விஷயத்தில் அவர் சொன்னதில் பாதி சரி. தரை மூன்றடி இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் செம்மண் பூமியில் தண்ணீர் எப்படி ஓடும் என்று அவர் பார்த்திருக்கிறார், தோப்பில் பாம்பும் உண்டு. கரையானுக்கும் அந்த உயரம் நல்லது. தகரம் வெயிலில் காயும், மழையில் உங்களைப் படிக்க விடாது, அதிலும் அவர் பக்கம்தான். ஆனால் நாட்டு ஓட்டைச் சில வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து மாற்றிப் போட வேண்டும், குரங்கு வந்தால் அதற்கு முன்பே. அந்தச் செலவும் மேற்பார்வையும் யாருடையது என்று ஓடு இறக்குவதற்கு முன் அவரும் யோசிக்கவில்லை. அதைப் பேசுங்கள். உங்கள் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டால் மட்டும் ஓடு ஏறட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டி ஏறுங்கள். சனிக்கிழமை காலையில் நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். சாயங்காலம் அப்பச்சியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆட்களுக்கு உங்கள் கையால் சம்பளம் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு என்று அவரிடம் கேட்டுக் கொடுங்கள், அந்த மரியாதையை அவரிடமிருந்து பிடுங்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கேளுங்கள். எழுதி வைத்திருப்பார். ‘கணக்கெல்லாம் எதுக்கு’ என்பார், சிரிப்பார், பேச்சை மாற்றுவார். நோட்டு கைக்கு வரும்வரை எழுந்திருக்காதீர்கள். மொத்தத் தொகையையும் உடைத்த டெபாசிட்டில் போன வட்டியையும் சேர்த்து, அப்பச்சி, ஆத்தா இரண்டு பேர் பெயரிலும் போட்டுவிடுங்கள். ஒரே தடவையில் முடியாதென்றால் மாதம் இவ்வளவு என்று அதே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால் வேலையை நிறுத்துங்கள். சுவர்த் தலையை மூடி வைத்தால் அந்தக் கல் ஒரு மழைக்காலத்தைத் தாங்கும்.

மேற்குக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கு நேரான பிறகும் அதுதான் வேண்டும் என்றால் அப்பச்சியிடம் நேரில் சொல்லிவிட்டு வையுங்கள், உங்கள் வீடு, உங்கள் காசு. வைத்த பிறகு மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் மூன்றிலிருந்து ஆறுவரை அந்த அறைக்குள் உட்கார்ந்து புத்தகம் படித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.