ஹோமியோபதி மருந்து தொடங்கிய பின் அரிப்பு கூடினால் என்ன செய்வது?

கேள்வி: 62 வயதான என் மாமியாருக்குக் கால்களில் பல வருடங்களாகக் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி இருக்கிறது. ஹோமியோபதி உருண்டைகள் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. அரிப்பும் சிவப்பும் முன்பைவிடக் கூடிவிட்டன. "மருந்து வேலை செய்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் மருத்துவர். தொடரலாமா? முறிவுக்குக் கற்பூரம் கொடுக்கலாம் என்கிறார்கள், அது சரியா?

பதில்: கற்பூரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் அவசரம். கற்பூரத்தை வாய்வழியாக யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஹோமியோபதி மருந்துகளின் செயலைக் கற்பூரம் முறிக்கும் என்ற கருத்து, அம்முறையை உருவாக்கிய ஹானிமன் காலத்திலிருந்தே அத்துறையில் வழங்கி வருகிறது. ஆனால் நம் பூசையறையில் இருக்கும் கட்டிக் கற்பூரம் சிறிதளவு உள்ளே போனாலும் வலிப்பை உண்டாக்கக்கூடியது. குழந்தைகளுக்கு அதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உங்கள் மாமியாருக்கு முறிவு மருந்து எதுவும் தேவைப்படாது என்பதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கேள்வியைப் படித்தபோது என் அம்மாவின் கால்கள்தான் நினைவுக்கு வந்தன. அவருக்கும் இரண்டு கணுக்கால்களிலும் பத்து வருடங்களுக்கு மேலாகக் கரப்பான் இருந்தது. குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பைத் தடவிக்கொண்டே காலம் தள்ளினார். உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் ஒரு ஹோமியோபதி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பொறுமையாக ஒரு மணி நேரம் பேசினார், பெயர் ஒட்டாத புட்டியில் சர்க்கரை உருண்டைகள் தந்தார், ஆங்கில மருந்துக் களிம்பை அன்றிலிருந்தே நிறுத்திவிடச் சொன்னார். ஐந்தாம் நாள் அரிப்பு தொடங்கியது. இரண்டாம் வாரம் முழங்கால் வரை சிவந்து நீர் கசிந்தது. உள்ளே அமுங்கிக் கிடந்த நோய் வெளியே வருகிறது என்று அவர் விளக்கியபோது நாங்கள் நம்பினோம். நம்பியது மட்டுமல்ல, குணமாகப் போகிறது என்று மகிழ்ந்தோம். மூன்றாம் வாரம் குளிர் காய்ச்சலுடன் ஒரு கால் வீங்கிச் சூடேறிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். சொறிந்த புண் வழியாகக் கிருமி நுழைந்து தோலுக்கடியில் பரவியிருந்தது. ஆறு நாள் ஊசி மூலம் மருந்து ஏற்ற வேண்டியிருந்தது.

அங்கிருந்த தோல் மருத்துவர் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று தொடங்கவில்லை. "எதை நிறுத்தினீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் எங்களுக்குள் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நெடுநாள் தடவிய வீரியமான ஸ்டீராய்டு களிம்பைச் சட்டென்று விட்டால், அடங்கியிருந்த அழற்சி முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும். இது தோல் மருத்துவர்கள் அன்றாடம் காண்பது. இதற்கும் உருண்டைகளுக்கும் தொடர்பில்லை. ஆகவே உங்கள் மாமியார் அந்த இரண்டு வாரங்களில் எதைப் புதிதாக எடுத்தார் என்பதற்கு முன், எதைக் கைவிட்டார் என்று கேளுங்கள். களிம்பு நின்றிருந்தால் அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தியிருந்தால், உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க முடியாமல் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழும் நிலைகூட வரலாம். அப்போது அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்சுலின், வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவற்றையும் இப்படித் திடீரென நிறுத்தக்கூடாது.

"நோய் கூடுவது நல்லது" என்ற விளக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஹானிமன் 1810-இல் முதன்முதலாக வெளியிட்ட 'ஆர்கனான்' நூல், பொருத்தமான மருந்து கொடுத்ததும் நோய்க்குறிகள் சிறிது கூடலாம் என்கிறது. ஆனால் திடீர் நோய்களில் அது முதல் சில மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் என்றும் சொல்கிறது. நோய் உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழே நகர்ந்தால் குணமாகிறது என்பது அவருக்குப் பின் வந்த கான்ஸ்டன்டைன் ஹெரிங்கின் பெயரால் வழங்கும் விதி. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், குறைந்தாலும் மருந்தின் பலன், கூடினாலும் மருந்தின் பலன் என்றாகிவிடுகிறது. மருந்து தவறிவிட்டது என்று சொல்ல இடமே இல்லாமல் போகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 24 பரிசோதனைகளைத் திரட்டி, இத்தகைய 'மிகைப்பு' வெற்று உருண்டை பெற்றவர்களிடம் 50 முறையும் ஹோமியோபதி மருந்து பெற்றவர்களிடம் 63 முறையும் பதிவானதாகக் காட்டியது. மருந்தே இல்லாத உருண்டையைச் சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு நோய் கூடியிருக்கிறது என்றால், அதைக் குணமாவதன் அடையாளம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. 30, 200 என்று எண்ணிட்டுத் தரப்படும் வீரியங்களில் ஒவ்வொரு படியிலும் மருந்து நூறில் ஒரு பங்காக நீர்க்கப்படுகிறது. 12 படிகளைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சுவது அரிது. அதில் முறிப்பதற்கு ஒன்றுமில்லை, நிறுத்தினால் பின்விளைவும் இல்லை. முறிவு மருந்து தேவையில்லை என்று நான் சொன்னது இதனால்தான். சந்தேகம் வந்தால் உருண்டைகளை நிறுத்திவிடுவதே போதும். ஆனால் மதர் டிங்சர் எனப்படும் தாய்த் திரவமும், 3எக்ஸ் போன்ற தாழ்ந்த, அதாவது குறைவாக நீர்க்கப்பட்ட, வீரியங்களும் வேறு வகை. அவற்றில் மூலப்பொருள் உண்மையாகவே இருக்கிறது. சர்ப்பகந்தா என்ற மூலிகையின் தாய்த் திரவம் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலைசுற்றி விழ அதுவே காரணமாகலாம். தாய்த் திரவங்களில் ஆல்கஹால் கணிசமாக இருப்பதால், குடியை நிறுத்த டைசல்பிராம் சாப்பிடுபவர் அவற்றைத் தொடக்கூடாது. அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கான, பெல்லடோனா என்ற நச்சுச் செடியிலிருந்து செய்த ஹோமியோபதி மாத்திரைகளில் அறிவித்த அளவைவிட மிகுதியாக நச்சுப்பொருள் இருந்ததை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் கண்டறிந்தது; அதற்கு முன் 2009-இல், ஹோமியோபதி என்ற பெயரில் விற்ற துத்தநாக மூக்கு மருந்தால் பலர் மோப்ப உணர்வை இழந்ததாக எச்சரித்தது. ஆகவே "ஹோமியோபதி என்பதால் கெடுதல் செய்யாது" என்பதும் சரியல்ல.

அதனால் அந்த மருத்துவரிடம் மருந்தின் பெயரையும் வீரியத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர் என்ன சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. எழுதித் தர மறுத்தால் அந்தப் புட்டியை நான் தொடரமாட்டேன். பெயரில்லாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் நம்மால் கண்டுபிடிக்க முடியாது. முதலில் அதிசயமாகக் குணமாகி, நிறுத்தியதும் பல மடங்காகத் திரும்பினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். மிச்சத்தைக் கொட்டிவிடாமல் புட்டியோடு பத்திரப்படுத்துங்கள். ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதி முதலான ஆயுஷ் மருந்துகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது; டெல்லியிலுள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் தேசிய ஒருங்கிணைப்பு மையம். தொகுதி எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் இருந்தால்தான் அங்கே தரும் புகாருக்குப் பயன் இருக்கும்.

முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், வலிப்போ மயக்கமோ வந்தாலும் எந்த மருத்துவரின் தொலைபேசி அழைப்புக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கிச் சுடுதல், சீழ், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் மாமியாருக்குச் சர்க்கரை நோயும் இருந்தால், காலில் வரும் சிறு புண்ணையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரம் கூடிக்கொண்டே போகும் அரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். இன்றே உருண்டைகளை நிறுத்துங்கள். பழைய களிம்பை நீங்களாகவே மறுபடி தடவத் தொடங்காமல், இந்த வாரத்திற்குள் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். எந்தத் தேதியில் எது தொடங்கியது, எது நின்றது, அரிப்பு எப்போது கூடியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய களிம்புக் குழாய், புதிய புட்டி இரண்டையும் ஒரே பையில் போட்டு அந்தத் தாளோடு எடுத்துச் செல்லுங்கள்.