ஜெர்மானியர்களுக்கு இருக்கும் ஒழுங்கும் நேர்மையும் இந்தியர்களுக்கு ஏன் இல்லை? வாழ்க்கைத் தரத்தில் அவர்களை நாம் எட்டவே முடியாதா?

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஊரில் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். இப்போது ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். நீங்கள் ஒருவேளை இங்கே கிளம்பி வரும் எண்ணத்தில் இருக்கலாம். இல்லையென்றால் இங்கே வந்துபோன யாராவது சொன்னதைக் கேட்டு நொந்து போயிருக்கலாம். "அங்கே குப்பை இல்லை, ஹாரன் சத்தம் இல்லை, எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள், நம்ம ஆட்களுக்கு அதெல்லாம் ரத்தத்திலேயே கிடையாது" என்று பேசுகிறவர்களை எனக்கும் தெரியும். பெரும்பாலும் அவர்கள் இங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்கள். இங்கே நோயாளியாகப் படுத்ததும் இல்லை, வேலை தேடி அலைந்ததும் இல்லை.

ரத்தம் என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1949-லிருந்து 1990 வரை ஜெர்மனி இரண்டு நாடுகளாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மொழி. பல குடும்பங்களில் அண்ணன் மேற்கே, தம்பி கிழக்கே. மேற்கில் இருந்தவர் கையில் காசு இருந்தால் கார் வாங்கிவிடலாம். கிழக்கில் இருந்தவர் டிராபன்ட் என்ற சின்னக் காருக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பத்து வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்தார். நம் ஊரில் எழுபதுகளில் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். குணம்தான் வாழ்க்கைத் தரத்தை முடிவு செய்கிறது என்றால், அண்ணனுக்கு ஒரு வாழ்க்கையும் தம்பிக்கு வேறொரு வாழ்க்கையும் எப்படி வந்தது?

அந்தப் புகழ்பெற்ற ஒழுங்கும் நேரந்தவறாமையும்கூட நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூனில் திறக்கப்பட இருந்தது. தீத்தடுப்பு அமைப்பு சரியில்லை என்று சில வாரங்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கடைசியில் திறந்தது 2020 அக்டோபரில். தில்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தை நாம் 37 மாதங்களில் கட்டி 2010-ல் திறந்துவிட்டோம். 2024-ல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமாக வந்ததை நேரத்துக்கு வந்ததாகச் சேர்த்த கணக்கு. இதைச் சொல்வது ஜெர்மனியை மட்டம் தட்டுவதற்காக இல்லை. எனக்குச் சோறு போடுகிற நாடு அது. பிறப்பிலேயே ஒழுங்கோடு வந்தவர்கள் என்று யாரையும் தூக்கி வைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் இங்கே வாழ்க்கை நன்றாக இல்லையா? நன்றாகத்தான் இருக்கிறது. எதனால் என்று எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, அதாவது மருத்துவமனை வார்டிலிருந்து சொல்கிறேன்.

இங்கே நோயாளி வந்ததும் காப்பீட்டு அட்டையை நீட்டுகிறார். அரசுக் காப்பீட்டில் இருக்கும், 18 வயது தாண்டிய ஒருவர் மருத்துவமனையில் தங்கினால் ஒரு நாளைக்கு 10 யூரோ கட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அதுவும் வருடத்துக்கு 28 நாட்களுக்கு மேல் கிடையாது. இடுப்பு அறுவைச் சிகிச்சையோ இதய அறுவைச் சிகிச்சையோ, கணக்கு அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவராக இருந்தால் நோய்க்காக ஆறு வாரம் வரை முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும். அதற்கு மேலும் நோய் நீடித்தால், காப்பீட்டு நிதியிலிருந்து மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம்வரை வரும். ஒரே நோய்க்கு 78 வாரம் வரை அந்தப் பாதுகாப்பு உண்டு. என் வார்டில் படுத்திருக்கும் மனிதர் கால் குணமாவதைப் பற்றி மட்டும் கவலைப்படலாம்.

இப்போது என் அப்பாவின் கதை. அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நான் இங்கே இருந்தேன். ரத்தக்கட்டால் வந்த பக்கவாதம் என்றால் கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். தம்பி போனில் அழுதான். தெருமுனை ஆட்டோக்காரர் அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கப்புறம் கவுண்டரில் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். கட்டினால்தான் ஊசி. அவசர நோயாளிக்குச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த இரவில் கவுண்டரில் இருந்தவரிடம் அதைச் சொல்லிப் பயன் இல்லை. அம்மா வளையலைக் கழற்றினாள். தம்பி அடகுக்கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பினான். சித்தி சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் இங்கே ஆன்லைனில் அனுப்பிய பணம் அடுத்த நாள்தான் போய்ச் சேர்ந்தது. ஊசி போட்டார்கள், நேரம் முடியப்போகும் கட்டத்தில். அப்பா பிழைத்துக்கொண்டார். இடது கை இன்னும் சரியாக வரவில்லை.

அரசு மருத்துவமனைக்கே நேராகப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். 108 ஆம்புலன்ஸ் 2008-லிருந்து ஓடுகிறதே, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை தருகிறதே என்பீர்கள். எல்லாம் உண்மை. தமிழ்நாட்டின் பொது மருத்துவத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், நான் பயிற்சி எடுத்ததே அரசு வார்டில்தான். ஆனால் அந்தக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சின்ன மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா அந்தக் கோட்டுக்கு ஒரு அடி அந்தப் பக்கம் நின்றார். ஏழையும் இல்லை, வசதியானவரும் இல்லை. நம் நாட்டில் நோயால் கவிழ்ந்துபோகும் குடும்பங்கள் பல அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

இதை இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஒரு ஜெர்மன் செவிலியரிடம் சொன்னேன். "பக்கவாதம் வந்தவரை வைத்துக்கொண்டு உன் தம்பி ஏன் நகையோடு வெளியே போனான்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையிலேயே அவளுக்கு விளங்கவில்லை. சிகிச்சைக்கும் நகைக்கும் இடையில் இருக்கும் சம்பந்தம் அவள் வாழ்க்கையில் ஒருநாளும் குறுக்கிட்டதில்லை.

அதே மாதிரி என் அம்மாவுக்கும் ஒன்று விளங்கவில்லை. என் வார்டில் இடுப்பு உடைந்து படுத்திருந்த ஒரு பாட்டியைப் பற்றி அவளிடம் சொன்னேன். பகலெல்லாம் தனியாகவே இருப்பார். மகன் மியூனிக்கில், தினம் சாயங்காலம் போன் பண்ணுவார். "ஏட்டி, பெத்த தாய் அப்படிக் கிடக்கும்போது அவனால எப்படி ஒரு வேலை பார்க்க முடியுது?" என்று அம்மா கேட்டாள். அந்த மகன் கல்நெஞ்சக்காரர் இல்லை. 1995-லிருந்து இங்கே முதுமைப் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறது. பாட்டிக்கு எவ்வளவு உதவி தேவை என்று பார்த்து ஐந்து நிலைகளில் ஒன்றில் வைத்து, அதற்கேற்பப் பணமோ ஆளோ தருகிறார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டின் சமூகப் பணியாளர் மறுவாழ்வு மையத்தில் இடம் பேசிவிட்டார். மகன் வந்து நின்றாலும் செய்வதற்கு அதிகம் வேலை இல்லை. என் அப்பாவுக்கோ அட்டெண்டர் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. மருந்து வாங்க ஒருவர், ரத்தப் பரிசோதனைக்கு ஓட ஒருவர், புரட்டிப் படுக்கவைக்க ஒருவர். சித்தப்பா, மாமா, எதிர்வீட்டு அக்கா என்று முறைபோட்டுத் தூங்காமல் இருந்தார்கள்.

அதைத்தான் நாம் நம் பாசம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பாசம்தான், நான் மறுக்கவில்லை, அவர்கள் இல்லையென்றால் எனக்கு அப்பா இல்லை. ஆனால் அந்தப் பாசத்தில் பாதியை வார்டில் போதுமான செவிலியரை வைக்காத நிர்வாகம் இலவசமாக எடுத்துக்கொண்டது. இந்தப் பக்கம் ஜெர்மானியரின் அமைதியையும் அவர்கள் பிறவிக்குணம் என்கிறோம். தன் முறை கட்டாயம் வரும் என்று தெரிந்தவன் வரிசையில் அமைதியாக நிற்கிறான். வருமா வராதா என்று தெரியாதவன் முண்டியடிக்கிறான். நம் ஆட்களே மெட்ரோவில் எப்படி நடந்துகொள்கிறார்கள், டவுன் பஸ்ஸில் எப்படி ஏறுகிறார்கள் என்று பாருங்கள். ஒரே ஆள்தான்.

இங்கேயும் குறை உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நான் ஜெர்மனிக்குக் கொடி பிடிப்பதாக ஆகிவிடும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியும் காப்பீடும் பிடித்துவிடுவார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். வீடு கிடைப்பது பெரும்பாடு, என் பெயரைப் பார்த்ததும் பதிலே போடாத வீட்டுக்காரர்கள் உண்டு. என் கையால் ஊசி வேண்டாம் என்ற நோயாளியும் உண்டு. இரவுப் பணியில் ஆள் போதாமல் ஓடியிருக்கிறோம். யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்துபோகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த அறையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அது எனக்குப் பழகவே இல்லை.

அப்புறம், "நம்ம ஊர் நர்சுகளே இப்படி வெளிநாட்டுக்கு ஓடினால் நாடு எப்படி உருப்படும்" என்றும் பேசுகிறார்கள். கேள்விக்கு இது நேரடிச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஊரில் நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் பாண்டு எழுதி வாங்கி, அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். விலகுகிறேன் என்றதும் என் ஒரு வருடச் சம்பளத்துக்கு மேல் கேட்டார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. என் தோழிகள் பலர் இன்னும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கவில்லை. நைட் டூட்டி பார்க்கிற பெண் என்று வந்த வரன்கள் திரும்பிப் போயின. இப்போது அதே சொந்தங்கள் யூரோ கணக்குக் கேட்கிறார்கள். எங்களை ஓடியவர்கள் என்று சொல்வதற்கு முன்னால், யார் துரத்தியது என்று கேளுங்கள்.

சரி, எட்டுவோமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) பிஸ்மார்க் காலத்தில் ஜெர்மனி தொழிலாளர் நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தது 1883-ல். பணக்கார நாடாகிவிட்டு நிதானமாகச் செய்த காரியம் இல்லை அது. அந்தப் பத்தாண்டில் பிழைப்புத் தேடி லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் கப்பலேறி அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். நம்மிடம் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கான சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. சுதந்திரம் கிடைத்த அடுத்த வருடமே வந்த சட்டம். அதில் சிகிச்சையும் உண்டு, நோய் விடுப்பில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் 2017-லிருந்து மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அதில் சேர முடியாது. முதலாளி என்று ஒருவர் இல்லாத மளிகைக்கடைக்காரரும் ஆட்டோக்காரரும் கொத்தனாரும் சேரவே முடியாது. அந்த வரம்பை எடுத்துவிட்டு, சுயதொழில் செய்கிறவர்களும் பணம் கட்டிச் சேர வழி செய்கிறோம் என்று எந்தக் கட்சி எழுத்தில் கொடுக்கிறதோ, என் அம்மா, அப்பா, தம்பி மூன்று பேருடைய ஓட்டும் அதற்குத்தான். வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம்.