இரண்டு ஜேர்மனி உள்ள உருண்டை

கேள்வி: எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு பழைய பூகோள உருண்டை இருக்கிறது. ஜேர்மனி இரண்டு, சோவியத் யூனியன், ஆபிரிக்காவில் சிம்பாப்வேயோடு அப்பர் வோல்ட்டா என்றொரு நாடு. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எறிந்துவிடலாமா? இது எந்த வருடத்து உருண்டை? - ஆசிரியை, மல்லாவி

பதில்: எறிய வேண்டாம் ரீச்சர். எறியவும் ஏலாது, இன்வென்ரறிப் புத்தகத்தில் அது ஏறியிருக்கும், வருட முடிவில் கணக்கெடுக்க வருகிறவர்கள் உருண்டை எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

வருடத்துக்கு விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சிம்பாப்வே என்று இருப்பதால் 1980 ஏப்ரலுக்குப் பிந்தியது, அதுவரை அது ரொடீசியா. அப்பர் வோல்ட்டா 1984 ஓகஸ்டில் புர்க்கினா பாசோ ஆகிவிட்டது. ஆக இடையில் உள்ள அந்த நாலு வருடத்துச் சரக்கு (அச்சடித்தவர் சோம்பேறி என்றால் ஒன்றிரண்டு வருடம் கூடும்). இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது யேமன்தான். இரண்டு யேமனும் 1990 மே 22 இல் ஒன்றாகின, இரண்டு ஜேர்மனியும் ஒக்டோபர் 3 இல். யேமன் ஒன்று, ஜேர்மனி இரண்டு என்று ஒரு உருண்டை கிடைத்தால் அது அந்த நாலரை மாதத்துக்குரியது. இன்னும் என் கண்ணில் படவில்லை.

திருத்தலாமா என்றால், கஷ்டம். நல்ல உருண்டைகளில் தேசப்படத்தைத் தோடம்பழச் சுளை மாதிரி, பெரும்பாலும் 12 கீலமாக அச்சடித்து, துருவத்துக்குத் துருவம் ஒட்டியிருப்பார்கள். மலிவானவை மட்டையில் அச்சடித்து இரண்டு சிரட்டையாக அமத்தி எடுத்தவை. மத்தியகோட்டில் ஓடும் பட்டி அந்த மூட்டை மறைக்கத்தான். இதன் மேல் கடதாசி ஒட்டினால் சுருங்கும், அதுவும் சோவியத் இருந்த இடத்தில் 1991 டிசம்பரோடு 15 நாடுகள்!

நான் 1997 இல் உங்கள் பக்கம்தான் படித்தேன், கிடுகுக் கொட்டிலில். வகுப்புக்கு ஒரே ஒரு அட்லஸ், மட்டையும் இல்லை, அதில் சோவியத் முழுசாகவே கிடந்தது. பற்றரி கிடைக்காத காலம் என்பதால் சேர் இரவில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்பார். ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கின அதே மே மாதக் கிழமையில் சயீரிலும் ஆட்சி மாறி, நாட்டின் பெயரும் கொங்கோ ஆனது. அடுத்த கிழமை சேர் அட்லஸைத் திறந்து பென்சிலால் சயீரை ஒரு கோடு வெட்டி, பக்கத்தில் கொங்கோ என்று எழுதி, கீழே திகதியும் போட்டார். பழைய பெயரை அழிக்கவில்லை. நீங்களும் அதையே செய்யுங்கள்: உருண்டையின் தண்டில் '1980-84' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு, மாறின நாடுகளைப் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். சோதனைக்குப் படிக்க மட்டும் புது அட்லஸைக் கொடுங்கள்.

கேள்வி: அப்பாவின் றங்குப் பெட்டியில் ஒரு இலங்கைப் படம். அதில் முல்லைத்தீவு மாவட்டமும் இல்லை, கிளிநொச்சி மாவட்டமும் இல்லை. பிழையான படமா? - வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பிழை இல்லை தம்பி, வயசு. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978 இல், கிளிநொச்சி 1984 இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. உங்கள் படம் இரண்டுக்கும் முந்தியது. இன்னும் பின்னுக்குப் போனால் 1873 வரை வட மாகாணம் அநுராதபுரப் பக்கத்தையும் சேர்த்தே இருந்தது. பிறகு 1988 இல் வடக்கும் கிழக்கும் இணைந்து 2007 தொடக்கத்தில் பிரிந்தன, அதனால் இடையில் வந்த படங்களில் 8 மாகாணங்களைக் கண்டால் எண்ணினதில் பிழை விட்டோமோ என்று திரும்ப எண்ண வேண்டாம்.

கிழிந்த மடிப்புக்கு செலோரேப் ஒட்டாதீர்கள், மண்ணிறமாகிக் கடதாசியையும் கெடுக்கும். லமினேற் செய்தால் பிறகு கழற்றவே முடியாது. கறையானுக்கு எட்டாமல், மடிக்காமல் வைத்தால் போதும்.

கேள்வி: மகளுக்குப் புது உருண்டை வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது? - வாசகி, வவுனியா

பதில்: தென்சூடான் (2011), எஸ்வாத்தினி (2018), வட மசிடோனியா (2019). இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம் அக்கா. காஷ்மீர், கொசோவோ எல்லைகளை வைத்துக் கடைக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள், அவை எந்த நாட்டில் விற்க அச்சடித்ததோ அந்த நாட்டுக்கு ஏற்ற மாதிரித்தான் இருக்கும். இந்தியாவில் அரசாங்கத்தின் படத்துக்கு மாறாகக் காஷ்மீரைக் கீறினால் அது குற்றம். வன்னியையும் தேடாதீர்கள். 30 செ.மீ. உருண்டையில் முழு இலங்கையுமே ஒரு செ.மீ. நீளம்தான், கொழும்பு என்ற பெயரே கடலுக்குள்தான் கிடக்கும்.